பின்னாடி இடமே இல்லைன்னா எப்படி வீசுறது?

[எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.]

இன்னைக்கு நான் பேசப்போறது தூண்டில் வீசுறதைப் பத்தி. அதுலயும் கையை நீட்டக்கூட இடமில்லாத ஓடையில, ஃப்ளை ராட் வச்சு வீசுறதைப் பத்தி.

தெரு கிரிக்கெட் ஆடியிருப்பீங்க. பத்தடி அகலச் சந்து. ரெண்டு பக்கமும் சுவர், ஓரமா நிறுத்தின பைக்குகள், முதல் மாடியில ஒரு ஜன்னல் கண்ணாடி. பந்து கேட்டுக்குள்ள போனா அவுட், மாடிக்குப் போனா அவுட் மட்டுமில்ல, பந்தும் போச்சு. அங்க ஆடி வளர்ந்தவங்ககிட்ட ஒரு நேரான, தரையோட போற ஷாட் இருக்கும். அது மைதானத்து ஷாட்டோட சின்ன சைஸ் இல்ல. அந்தச் சந்துக்காகவே உருவான ஷாட்.

சின்ன ஓடையில ஃப்ளை ராட் வீசுறதும் இதேதான். பெரிய ஆத்துல வீசுறதைக் கொஞ்சம் சுருக்கி வீசினா போதும்னு நினைச்சுத்தான் எல்லாரும் வர்றாங்க. அது வேலைக்கு ஆகாது. அங்க வீசுறதுக்கு வேற முறைகள் இருக்கு. எது சரியான முறைன்னு அந்த இடம்தான் சொல்லும். அதைப் பத்தித்தான் இந்த எபிசோட்.

லைன்தான் எடை

ஃப்ளை ராட் பார்த்தே இல்லாதவங்களுக்காக முதல்ல ஒரு சின்ன விளக்கம்.

நம்ம ஊர்த் தூண்டில்ல என்ன இருக்கும்? ஒரு மூங்கில் கழி, நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள், முள்ளுல ஒரு மண்புழு. வீசும்போது பறந்து போறது ஈயக்குண்டு. நரம்பு அது பின்னாடி இழுபட்டுப் போகுது, அவ்வளவுதான்.

ஃப்ளை ராடுல இது தலைகீழ். ஃப்ளைங்கிறது ஒரு சின்ன முள்ளு மேல இறகு, முடி, நூல் எல்லாம் சுத்திப் பூச்சி மாதிரி செஞ்ச ஒரு பொருள். அதுக்கு எடையே கிடையாதுன்னு வச்சுக்கோங்க. ஊதினா பறந்துடும். அதனால எடையை லைனுக்குள்ளயே வச்சுட்டாங்க. ஃப்ளை லைன் தடிமனா, மேல பிளாஸ்டிக் பூச்சோட இருக்கும். அதோட நுனியில கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிசா போற ஒரு நைலான் நரம்பு, அதுக்குப் பேர் லீடர். லீடரோட கடைசித் துண்டு டிப்பெட். அதோட நுனியில ஃப்ளை.

இப்ப ஒரு சாட்டையை நினைச்சுப் பாருங்க. சாட்டை முன்னாடி போகணும்னா முதல்ல அது பின்னாடி நீளணும். ஃப்ளை லைனும் அப்படித்தான். பின்னாடி ஒரு வீச்சு, லைன் முழுசா நீளுற வரைக்கும் ஒரு சின்னக் காத்திருப்பு, அப்புறம் முன்னாடி ஒரு வீச்சு. அந்த எடை ராடை வளைக்கும். வளைஞ்ச ராட் நிமிரும்போது லைன் பறக்கும்.

இதுல முக்கியம் வேகம் இல்ல, நிறுத்தம். கையில ஒட்டியிருக்கிற தோசை மாவை உதறுறோம் இல்லையா? கை மெதுவா கிளம்பி, வேகமெடுத்து, சட்டுன்னு நிக்கும். நிக்கிற இடத்துலதான் மாவு தெறிக்கும். ராடும் அதே மாதிரி நிக்கணும். நின்னாத்தான் லைன் ஒரு குறுகலான வளையமா முன்னாடி போகும்.

திறந்த இடத்துல இது எவ்வளவு தூரம் போகும்னு கேட்டீங்கன்னா, 1960-ல் ஜோன் வுல்ஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு போட்டியில் 161 அடி வீசினார். நான் இன்னைக்கு பேசப்போறது 12 அடி, மிஞ்சிப்போனா 20 அடி. ஆனா அந்த 12 அடியில பின்னாடி ஒரு மரம், மேல ஒரு கிளை, பக்கத்துல ஒரு பாறை இருக்கும். முன்னாடி 30 அடி வீச, பின்னாடியும் கிட்டத்தட்ட அதே 30 அடி காலி இடம் வேணும். அந்த இடம் இங்க கிடையாது.

ஏன் அங்க போகணும்?

நியாயமான கேள்வி. கீழ அகலமான ஆறு இருக்கே, அங்க நின்னு சுகமா வீசலாமே?

நான் இருக்கிறது அமெரிக்காவுல டென்னசி மாநிலம். இங்கிருந்து கிழக்கே கிரேட் ஸ்மோக்கி மலைகள். அந்த மலைகளுக்குச் சொந்தமான டிரவுட்னு ஒண்ணே ஒண்ணுதான் உண்டு: புரூக் டிரவுட். அறிவியல் கணக்குப்படி அது டிரவுட் கூட இல்ல, சார் என்கிற வகை. முதுகுல கரும்பச்சை நிறத்துல புழு நெளியிற மாதிரி கோடுகள். பக்கவாட்டுல சிவப்புப் புள்ளி, அதைச் சுத்தி நீல வளையம். துடுப்போட ஓரத்துல சுண்ணாம்பால இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பெரும்பாலும் உள்ளங்கை நீளம்தான்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மலைகளில் மரக் கம்பெனிகள் நுழைந்தன. சரிவு சரிவாக மரங்களை வெட்டினார்கள். நிழல் போனதும் ஓடைகள் சூடாயின, மண் சரிந்து தண்ணீரில் இறங்கியது. குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் மட்டுமே வாழத் தெரிந்த புரூக் டிரவுட் பல ஓடைகளிலிருந்து காணாமல் போனது. மீன்பிடிக்க மீன் வேண்டுமே என்று மேற்கு அமெரிக்காவிலிருந்து ரெயின்போ டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். 1934-ல் இந்த இடம் தேசியப் பூங்கா ஆனது, காடு திரும்ப வளர்ந்தது. ஆனால் கீழே இருந்த ஓடைகளை ரெயின்போ பிடித்துக்கொண்டது. உள்ளூர் மீன் மலை உச்சிக்குப் பக்கத்தில், ரெயின்போ ஏற முடியாத அருவிகளுக்கு மேலே ஒதுங்கிவிட்டது.

அந்த மேல் ஓடைங்க எப்படி இருக்கும்? சில இடத்துல ஒரே எட்டுல தாண்டிடலாம். ரெண்டு கரையிலயும் ரோடோடென்ட்ரான் புதர். நீலகிரியில காட்டுப்பூவரசுன்னு சொல்ற மரத்தோட ஒண்ணுவிட்ட சொந்தக்காரன். ரெண்டு பக்கத்துக் கிளையும் நடுவுல கை கோத்துக்கிட்டு ஓடைக்கு மேல ஒரு குகை மாதிரி மூடியிருக்கும். உள்ள நடக்கணும்னா குனிஞ்சுதான் நடக்கணும். சில இடத்துல தவழணும்.

ஆக, அந்த மலையோட சொந்த மீனைப் பார்க்கணும்னா அந்தக் குகைக்குள்ளதான் போகணும். அங்க வீசத் தெரியலைன்னா அந்த மீனோட உங்களுக்கு அறிமுகமே கிடையாது. இதுக்காகத்தான் இந்த வித்தையைக் கத்துக்கிறது.

எந்த ராட், எந்த லைன்

கடையில வழக்கமா கொடுக்கிறது 9 அடி ராட். குகைக்குள்ள அது இடிக்கும். ஆறரை அடியிலிருந்து ஏழரை அடி வரைக்கும் இருக்கிற ராட் போதும். நீளமான ராட்தான் நல்லது, தள்ளி நின்னே எட்டிப் பிடிக்கலாம்னு ஒரு கட்சி உண்டு. கொஞ்சம் திறந்த ஓடைக்கு அது சரி. ஜப்பான்ல மலை ஓடைகளுக்குன்னே டென்காரா என்று ஒரு முறை இருக்கு. ரீலே கிடையாது, 11, 12 அடி ராடோட நுனியிலேயே லைனைக் கட்டிடுவாங்க. ஆனா தலைக்கு மேல 5 அடியில கூரை இருந்தா குட்டை ராட்தான்.

அடுத்தது யாரும் எளிதில் சொல்லித் தராத ஒரு விஷயம். லைனுக்கு நம்பர் இருக்கும்: 3, 4, 5. அது லைனோட முதல் 30 அடி எவ்வளவு எடை என்கிற கணக்கு. 3-ஆம் நம்பர் கிட்டத்தட்ட ஆறரை கிராம், 4-ஆம் நம்பர் எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ராடையும் அந்த எடைக்கு வளையுற மாதிரிதான் செய்றாங்க. நாம வெளியே விடுறது 30 அடி இல்லையே, பத்தடி! அப்ப ராடுக்குக் கிடைக்கிறது மூணுல ஒரு பங்கு எடைதான். ராட் வளையவே வளையாது. கை சும்மா ஒரு குச்சியை ஆட்டிக்கிட்டு இருக்கும்.

இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, 3-ஆம் நம்பர் ராடுல 4-ஆம் நம்பர் லைனைப் போடுறது. இன்னொண்ணு, விறைப்பான கார்பன் ராடை விட்டுட்டு, சும்மா தொட்டாலே வளையிற ஃபைபர்கிளாஸ் ராட் வாங்குறது. லீடரையும் 9 அடியிலிருந்து ஆறு, ஏழு அடிக்குக் குறைச்சிடுங்க. இல்லைன்னா வெளியே இருக்கிறது முழுக்க எடையில்லாத நைலானா போயிடும்.

டிப்பெட்டுக்கு 5எக்ஸ் போதும், 0.15 மில்லிமீட்டர். முள்ளோட கொக்கியில பின்பக்கமா ஒரு சின்ன முனை நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அதைக் குறடால அழுத்தித் தட்டையாக்கிடுங்க. மீன் வாயிலிருந்தும் சுலபமா வரும், உங்க காதுலேர்ந்தும் சுலபமா வரும். கண்ணாடியும் தொப்பியும் கண்டிப்பா வேணும்.

மேலே, பின்னாடி, அப்புறம்தான் தண்ணி

எனக்குக் கத்துக் கொடுத்தவர் எழுபதை நெருங்குற ஒரு உள்ளூர்க்காரர். முதல் நாள் ராடையே கையில கொடுக்கலை. ஓடைக்குள்ள கூட்டிட்டுப் போய் ஒரு குட்டைக்கு முன்னாடி மண்டி போட வச்சார். "என்ன தெரியுது?"ன்னு கேட்டார். எல்லாரும் தண்ணியைப் பத்தித்தான் சொல்லுவாங்க. அவர் சொன்னது: "முதல்ல மேலே பாரு. அப்புறம் பின்னாடி பாரு. கடைசியா தண்ணியைப் பாரு."

இந்த வரிசைதான் மொத்தப் பாடமும். மீன் எங்க இருக்குன்னு தெரியுறதுக்கு முன்னாடி, லைன் எந்த வழியா போகும்னு தெரியணும். காத்துல ஒரு ஓட்டை தேடணும். அது தலைக்கு மேல ஒரு இடைவெளியா இருக்கலாம், தண்ணிக்கும் கிளைக்கும் நடுவுல ரெண்டடி சந்தா இருக்கலாம், வலது தோளுக்குப் பின்னாடி ஒரு ஜன்னலா இருக்கலாம். அந்த ஓட்டையைப் பொறுத்துத்தான் எந்த வீச்சுன்னு முடிவு.

இன்னொண்ணு. டிரவுட் எப்பவும் தண்ணி வர்ற திசையைப் பார்த்துத்தான் நிக்கும், சாப்பாடு அங்கிருந்துதான் வருது. அதனால கீழிருந்து மேல் நோக்கிப் போகணும். அதோட முதுகுப் பக்கம் போறோம். மண்டி போட்டா இன்னும் நல்லது. மீன் நம்மளைப் பார்க்கலைன்னா நாம பக்கத்துல போகலாம், பக்கத்துல போனா நீளமா வீச வேண்டிய அவசியமே இல்ல. சின்ன ஓடையில பாதி வீச்சு முழங்கால்லதான் இருக்கு.

உண்டிவில் வீச்சு

முதல்ல கத்துக்க வேண்டியது இது. ஆங்கிலப் பேரை அப்படியே சொன்னா வில்-அம்பு வீச்சு. நமக்கு உண்டிவில்தான் சரியான ஒப்பு.

லைனும் லீடரும் சேர்ந்து ராட் நீளத்துக்கு மட்டும் வெளியே இருக்கட்டும். ராட் பிடிக்கிற கையோட ஆள்காட்டி விரலால லைனை ராடோட சேர்த்து அழுத்திப் பிடிச்சுக்கோங்க. இன்னொரு கையில ஃப்ளையைப் பிடிங்க. கவனம், முள்ளோட வளைவைப் பிடிக்கணும், கூர்முனை விரலைப் பார்க்காம வெளியே பார்த்துக்கிட்டு இருக்கணும். இப்ப ஃப்ளையைப் பின்னாடி இழுங்க. ராட் வில்லா வளையும். ராட் நுனியை எந்த இடத்துல ஃப்ளை விழணுமோ அந்தத் திசைக்கு நேரா வைங்க. விடுங்க.

அவ்வளவுதான். பின்னாடி ஒரு அடிகூட வேண்டாம். முன்னாடி ஒரு தேங்காய் நுழையுற அளவு ஓட்டை இருந்தா போதும். கையிலிருந்து 14, 15 அடி தூரத்துல ஃப்ளை போய் விழும்.

விடும்போது ராட் பிடிச்ச கை அசையக்கூடாது. முன்னாடி தள்ளி உதவி பண்ணலாம்னு தோணும். பண்ணாதீங்க, வளையம் குலைஞ்சிடும். உண்டிவில்லை விடும்போது கவட்டையை முன்னாடி தள்ளுவோமா? அதே மாதிரிதான்.

பென்சில்வேனியாவின் ஜோ ஹம்ஃப்ரீஸ் இந்த வீச்சுக்குப் பேர் போனவர். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஹார்வி என்பவர் தொடங்கிய ஃப்ளை ஃபிஷிங் வகுப்பை அவருக்குப் பிறகு நடத்தியவர். ஆமா, பல்கலைக்கழகத்துலதான். புதர்களுக்குள்ள முழங்கால்ல நகர்ந்துபோய் இந்த வீச்சை அவர் செய்யற வீடியோக்களைத் தேடிப் பாருங்க. நூறு வார்த்தையில நான் சொல்றது பத்து நொடியில புரியும்.

பாய் விரிக்கிற வீச்சு

ரெண்டாவது, ரோல் காஸ்ட். பின்னாடி மரம், ஆனா தலைக்கு மேல கொஞ்சம் இடம் இருக்குன்னா இது.

லைன் முன்னாடி தண்ணி மேல கிடக்கு. ராடை மெதுவா, அவசரமே இல்லாம மேலே தூக்கி, தோளுக்குக் கொஞ்சம் பின்னாடி கொண்டுவந்து நிறுத்துங்க. லைன் ராட் நுனியிலிருந்து தொங்கி, உங்க முதுகுப் பக்கமா ஒரு தொப்பை விழும். ஆங்கில டி எழுத்து மாதிரி இருக்கும். லைனோட நுனி மட்டும் இன்னும் தண்ணியிலேயே இருக்கும், தண்ணி அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். அந்தத் தொப்பை உருவாகுற வரைக்கும் ஒரு மூச்சு காத்திருங்க. இப்ப தோசை மாவு உதறல்: முன்னாடி வேகமெடுத்து, கண் உயரத்துல சட்டுன்னு நிறுத்துங்க. சுருட்டின பாயை உருட்டி விட்டா எப்படி விரியும்? லைன் அப்படி விரிஞ்சுக்கிட்டே போகும்.

பின்னாடி தேவைப்படுறது அந்தத் தொப்பைக்கு இடம், நாலஞ்சு அடி. ஆனா தண்ணியோட பிடிமானம் இல்லாம இது நடக்காது. ஓடையே உங்களுக்கு ஒரு கை கொடுக்குது.

இதே குடும்பத்துல பெரிய அண்ணன் ஒருத்தன் இருக்கான். ஸ்காட்லாந்தில் ஸ்பே என்று ஒரு ஆறு. சால்மன் மீனுக்குப் பேர் போனது. பல இடங்களில் கரை செங்குத்து, கரையை ஒட்டியே மரங்கள். 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்தவர்கள் ரெண்டு கையால் பிடிக்கும் நீள ராடை வைத்துக்கொண்டு, லைனைப் பின்னாடி நீள விடாமலேயே ஆற்றின் குறுக்கே வீசும் முறையை உருவாக்கினார்கள். அதற்கு ஸ்பே காஸ்ட் என்றே பெயர். இப்ப பின்னாடி எவ்வளவு வெட்டவெளி இருந்தாலும் ஸ்பே வீச்சுதான் வீசுவேன்னு உலகம் முழுக்க ஆளுங்க இருக்காங்க. இடம் இல்லாததால பிறந்த வித்தை, இடம் இருக்கிறவங்களுக்கும் பிடிச்சுப்போச்சு.

மத்த வீச்சுகள், சுருக்கமா

பக்கவாட்டு வீச்சு: கிளை தாழ்வா இருந்து, தண்ணிக்கு மேல ரெண்டடிச் சந்து இருந்தா ராடைப் படுக்க வச்சு வீசுங்க. கேரம் போர்டுல ஸ்ட்ரைக்கரைச் சுண்டுற அளவுக்குத்தான் அசைவு. கை பெருசா ஆடினா வளையமும் பெருசாகி மேல கிளையில தொங்கும்.

கோபுர வீச்சு: பின்னாடி மரம், ஆனா நேர் மேலே வானம் தெரியுதுன்னா பின்வீச்சைச் செங்குத்தா மேலே அனுப்புறது. துல்லியம் கொஞ்சம் குறையும், ஆனா உதவும்.

தண்ணிப் பிடி: மேல் நோக்கி நிக்கிறீங்க. லைனைக் கீழ் நோக்கி மிதக்க விடுங்க. ஓட்டமே அதை இழுத்து நேராக்கிடும். அந்த இழுவையிலேயே ராட் வளையும். அப்படியே ஒரே அசைவுல முன்னாடி போடுங்க. பின்வீச்சோட வேலையை ஆறே செஞ்சுடுது. பார்க்க அழகா இருக்காது. நான் அதிகமா பயன்படுத்துறது இதுதான்.

கடைசியா, வீசாத வீச்சு. பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சு, ராடை மட்டும் நீட்டி, ஃப்ளையைத் தண்ணியில மெதுவா இறக்குறது. இதுக்கு வெக்கப்படத் தேவையே இல்ல.

ஒரே ஒரு கிளைதானே

ஒரு நாள் எங்ககூட ஒருத்தர் வந்தார். நல்லா வீசக்கூடியவர், பெரிய ஆறுகள்ல பழக்கம். ஒரு குட்டை, அதுக்கு நேர் மேல ஒரு ரோடோடென்ட்ரான் கிளை குறுக்க நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மூணு தடவை அவரோட ஃப்ளை அதுல மாட்டிச்சு. நாலாவது தடவை பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தார். "ஒரே ஒரு கிளைதானே. காடு முழுக்க இருக்கே."

தேசியப் பூங்காவுல செடியை வெட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. எங்க பெரியவர் சட்டத்தைச் சொல்லலை. "பத்து நிமிஷம் உட்காரு, அப்புறம் வெட்டலாமா வேண்டாமான்னு நீயே சொல்லு"ன்னார். மூணு பேரும் பாறை மேல உட்கார்ந்தோம். ஜூலை மாசம். தண்ணி சத்தம் மட்டும்தான். கொஞ்ச நேரத்துல அந்தக் கிளையிலிருந்து என்னமோ ஒண்ணு, எறும்போ வண்டோ, தண்ணியில விழுந்துச்சு. ஒரு அடிகூட நகரலை, அடியிலிருந்து ஒரு மீன் வந்து எடுத்துட்டுப் போச்சு. கொஞ்சம் கழிச்சு இன்னொண்ணு. அதே இடம், கிளைக்கு நேர் கீழே.

கத்தி பைக்குள்ள போச்சு. யாரும் எதுவும் பேசலை.

இந்த ஓடைகள்ல கோடைக்காலத்துல மீனுக்குச் சாப்பாட்டுல ஒரு பெரிய பங்கு மேலேர்ந்து விழுற எறும்பு, வண்டு, கம்பளிப்புழு இதெல்லாம்தான். அந்தக் கிளை அதுக்குச் சமையலறை. அதோட கூரையும் அதுதான். தண்ணி 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினா புரூக் டிரவுட் திணற ஆரம்பிச்சிடும். நிழல்தான் தண்ணியைக் குளிரா வச்சிருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடி மரக் கம்பெனிங்க எடுத்துட்டுப் போனதும் அந்த நிழலைத்தானே?

இப்பவும் அந்தக் கூரைக்கு ஆபத்து இல்லாம இல்ல. இந்த ஓடைக் கரைகளில் ஹெம்லாக் என்று பெரிய ஊசியிலை மரங்கள் உண்டு. ஆசியாவிலிருந்து வந்த ஒரு சின்னப் பூச்சி, வெள்ளைப் பஞ்சு மாதிரி இலைக்கடியில் ஒட்டிக்கொண்டு மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது. 2002-ல் இந்தப் பூங்காவில் அது கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஏராளமான ஹெம்லாக் மரங்கள் நின்றபடியே செத்துவிட்டன. பூங்காக்காரர்கள் மருந்து வைத்துப் பல மரங்களைக் காப்பாற்றி வருகிறார்கள். எல்லாவற்றையும் அல்ல. மேல நடந்து போகும்போது சாம்பல் நிறத்துல இலையே இல்லாம நிக்கிற மரங்களைப் பார்ப்பீங்க. அதுக்குக் கீழ இருக்கிற தண்ணி மேல வெயில் நேரா விழுது.

நல்ல செய்தியும் உண்டு. சில ஓடைகளில் அருவி ஒன்றை இயற்கையான தடுப்பாக வைத்துக்கொண்டு, அதற்கு மேலே இருந்த ரெயின்போவை அகற்றி, புரூக் டிரவுட்டைத் திரும்ப விட்டிருக்கிறார்கள். லின் கேம்ப் பிராங் என்ற ஓடை அதில் ஒன்று. பூங்காவில் பல ஆண்டுகளாகத் தடை செய்யப்பட்டிருந்த புரூக் டிரவுட் மீன்பிடிப்பும் 2006-ல் மறுபடி அனுமதிக்கப்பட்டது. மாநில லைசென்ஸ் வேணும். ஒத்தை முள் வச்ச செயற்கைத் தூண்டில் மட்டும்தான், புழு கிடையாது. ஓடையில கல்லைப் புரட்டவும் கூடாது, கல்லுக்கடியிலதான் பூச்சிங்களும் சாலமாண்டர்களும் இருக்கு.

மீன் கிடைச்சா கையை முதல்ல நனைங்க. தண்ணியிலேயே வச்சு முள்ளை எடுங்க. போட்டோ எடுக்கணும்னா ஒரு மூச்சு அடக்குற நேரத்துக்குள்ள. அது உள்ளங்கையிலிருந்து நழுவி அதே கிளைக்குக் கீழே போய் நிக்கும்.

ஃப்ளை கிளையில மாட்டிக்கிட்டா? மாட்டும், கண்டிப்பா மாட்டும். ராடை வளைச்சு இழுக்காதீங்க, நுனி உடைஞ்சிடும். ராடை லைனுக்கு நேரா நீட்டி, கையால லைனைப் பிடிச்சு மெதுவா இழுங்க. வரலைன்னா டிப்பெட் அறுந்துபோகும். ஒரு ஃப்ளை போனா போகட்டும்.

மொட்டை மாடிப் பயிற்சி

இதையெல்லாம் கத்துக்க மலைக்குப் போகணும்னு அவசியம் இல்ல. நான் பெரும்பாலும் பழகினது அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்ல. நகரத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு வசதி, நெருக்கடியான இடத்துக்குப் பஞ்சமே இல்ல.

முள்ளை எடுத்துட்டு, லீடர் நுனியில ஒரு கம்பளி நூல் துண்டைக் கட்டுங்க. 12 அடி தள்ளி ஒரு சாப்பாட்டுத் தட்டை வைங்க. வீட்டு வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்னு, நிலைக்கு நடுவால தட்டுக்கு உண்டிவில் வீச்சு. பத்துல ஏழு விழுந்தா அடுத்ததுக்குப் போங்க.

மாடியில துணி காயப்போடுற கொடி இருக்கும். அதை இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டி, அதுக்கு அடியில பக்கவாட்டு வீச்சு. கொடியில ரெண்டு துண்டைத் தொங்கவிட்டு நடுவுல ஒரு இடைவெளி விட்டா கிட்டத்தட்ட ரோடோடென்ட்ரான் தயார்.

ரோல் காஸ்ட்டுக்குத் தண்ணியோட பிடிமானம் வேணும்னு சொன்னேன். பரீட்சைக்கு எடுத்துட்டுப் போவோமே, கிளிப் வச்ச அட்டை, அதைத் தரையில வச்சு லீடர் நுனியைக் கிளிப்புல லேசா மாட்டுங்க. அது தண்ணி மாதிரி பிடிச்சுக்கும், முன்னாடி வீசும்போது விட்டுடும். தினமும் பத்து நிமிஷம் போதும். அரை மணி நேரம் வேண்டாம், கை சோர்ந்தா நிறுத்தம் போயிடும்.

"ஊட்டியில பண்ணலாமா?"ன்னு சிலர் கேட்டிருக்காங்க. நீலகிரியில டிரவுட் உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்தது, அவலாஞ்சியில் அதற்கு ஒரு குஞ்சு பொரிப்பகமும் வைத்தார்கள். இங்க ஸ்மோக்கியில வெளியூர்க்காரனா இருக்கிற அதே ரெயின்போதான் அங்கயும் வெளியூர்க்காரன். ஆனா அந்த ஓடைகளில் பல பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள்ள இருக்கு. அனுமதி இல்லாம போகாதீங்க. இமாச்சலத்துல தீர்த்தன் பள்ளத்தாக்கு மாதிரி இடங்கள்ல மீன்வளத்துறை லைசென்ஸ் வாங்கி, சீசன்ல முறையா மீன் பிடிக்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரவுட்டுக்கு விடுமுறை.

ஒரே ஒரு விஷயம் இன்னைக்கு நீங்க எடுத்துட்டுப் போகணும்னா அது அந்த வரிசைதான். மேலே, பின்னாடி, அப்புறம் தண்ணி. மேலே பார்க்கும்போது ஒரு கிளை தெரிஞ்சா, அது எப்படி உங்களுக்கு இடைஞ்சல்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, அதுக்குக் கீழ யார் குடியிருக்காங்கன்னு கொஞ்சம் பாருங்க. அப்புறம் கையை மாத்திக்கலாம். கையை மாத்திக்க அஞ்சு வழி இருக்கு, இப்பத்தான் சொன்னேன்.

கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ஃப்ளை கட்டுறதைப் பத்திப் பேசலாம். கோழி இறகு, தையல் நூல், ஒரு முள், இது போதும்.